மறைந்த வகுப்புத் தோழர்களுக்கு நினைவு மலர்: யாரைச் சேர்ப்பது, எதை எழுதுவது?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். 1980இல் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவன் நான். பி.யூ.சி.யை (கல்லூரியில் இருந்த ஓராண்டுப் புகுமுக வகுப்பு) எடுத்துவிட்டு பிளஸ் டூ கொண்டுவந்தார்கள் அல்லவா, அதைப் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்த முதல் அணி நாங்கள். சேர்ந்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது.

இப்போது எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கொரோனா இரண்டாம் அலையில் சிலர் போனார்கள், மாரடைப்பில் சிலர். வாட்ஸப் குழுவில் படம் வரும், கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’ வரிசையாக வரும், சாயங்காலத்துக்குள் வேறு பேச்சு தொடங்கிவிடும். யாருக்கும் பாசம் குறைவு என்று சொல்ல மாட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாததால்தான் அந்த இரண்டு வார்த்தையோடு நின்றுவிடுகிறோம்.

அடுத்த சந்திப்புக்குள் ஒரு நினைவு மலர் கொண்டுவர முடிவு செய்து, குடும்பங்களிடம் விவரம் கேட்டோம். பிறந்த தேதி, வேலை பார்த்த அலுவலகங்கள், ஓய்வு பெற்ற ஆண்டு, பிள்ளைகள் இருக்கும் ஊர் எல்லாம் வந்தன. அவர்கள் கொடுத்தது அத்தனையும் சரி. ஆனால் தாள்களை அடுக்கி வைத்துப் படித்தால் யார் யார் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வயதில் அவன் எப்படி இருந்தான் என்பது மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. பெற்றோரும் போய்விட்டார்கள். அதை அறிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்களுக்கும் வரிசை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. எங்களோடு சேர்ந்து, பாதியில் படிப்பை விட்டவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். அவர்களைச் சேர்க்கலாமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கல்லூரிகளில் என்ன செய்தீர்கள்?

மலைக்கோட்டை62

நல்ல முயற்சி சார். ஆனால் பதவியையும் சாதனையையும் ஒதுக்கிவிடாதீர்கள். கிராமத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, தாசில்தாராக ஓய்வு பெற்றவருக்கு அந்தத் தாசில்தார் பதவி வெறும் விவரம் அல்ல, வாழ்நாள் உழைப்பு. அவர் பேரன் அதைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டாமா?

பாதியில் போனவர்களைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. முன்னாள் மாணவர் என்றால் படித்து முடித்தவர் என்றுதான் பொதுவாக அர்த்தம். ஒரு எல்லை வைக்காவிட்டால் ஒரு வாரம் வந்துவிட்டு நின்றவரையும் சேர்க்க வேண்டிவரும்.

காவிரிக்கரை

மலைக்கோட்டை சார், முதல் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பதவி இருக்கட்டும், அது முதல் இரண்டு வரியில் வந்துவிடும். மீதிப் பக்கத்தை எதால் நிரப்புவது என்பதுதான் என் கவலை.

இரண்டாவது விஷயத்துக்கு எங்கள் கல்லூரியிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு இங்கே எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு) சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று, கல்லூரியும் போயிற்று. 1906இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. இரண்டு கல்லூரியும் அவருக்குப் பட்டம் தரவில்லை. 1916இல் கேம்பிரிட்ஜ்தான் தந்தது. ஆனாலும் கும்பகோணம், பச்சையப்பன் இரண்டுமே அவரை ‘எங்கள் மாணவர்’ என்றுதானே சொல்லிக்கொள்கின்றன? எஃப்.ஆர்.எஸ். (லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்) ஆனவருக்கு ஒரு அளவுகோல், படிப்பை விட்டு அப்பாவின் பட்டறைக்குத் திரும்பிப் போன எங்கள் தோழனுக்கு வேறொரு அளவுகோல் என்று வைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கணக்கு வாத்தியார்

ராமானுஜன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். உங்கள் மலருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

அவர் இறந்தது 1920 ஏப்ரல் 26, வயது 32. அதன்பின் நாற்பது ஆண்டுக்கும் மேல் கழித்து, சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். ராமானுஜனோடு பழகியவர்கள், உறவினர்கள், நண்பர்கள் எனத் தேடிப்போய் அவர்கள் நினைவில் இருந்ததை எழுதி வாங்கினார். கிடைத்த கடிதங்களையும் சேர்த்தார். 1968இல் அவை நினைவுத் தொகுதியாக வந்தன. இளமைக் கால ராமானுஜனைப் பற்றி எழுத உட்காரும் யாரும் அந்தத் தொகுப்பைத் தாண்டிப் போக முடியாது.

அவர் பெரிய ஆய்வாளராகப் பதவியில் இருந்தவர் அல்லர், பள்ளி ஆசிரியர். பேச வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டார். இன்னும் பத்து ஆண்டு தள்ளிப் போட்டிருந்தால் அந்தக் குரல்களில் பல கிடைத்திருக்காது. ராமானுஜன் அளவுக்குப் புகழ் பெற்றவருக்கே நிலைமை இது. நம் தோழர்களுக்காக வெளியிலிருந்து எந்தச் சீனிவாசன் வரப்போகிறார்?

சங்கானை மகன்

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று சொல்லுவோம், நினைவு மலர் என்றும் போடுவார்கள். தேவாரம் திருவாசகம், இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, மனைவி மக்கள் புலம்பல் என்று பாட்டுகள், கடைசியில் நன்றி. படித்த பள்ளிக்கூடம், பழைய மாணவர் சங்கத்தில் வகித்த பொறுப்பு எல்லாம் வாழ்க்கைக் குறிப்பில் வரும்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் போயின. அதற்குப் பிறகு போர், இடப்பெயர்வு. வீடுகளில் இருந்த தாள்களும் போயின. இன்றைக்கு ஒரு ஊரின் ஆட்களைப் பற்றித் தேடினால் பல நேரம் கையில் அகப்படுவது யாரோ ஒருவர் பெட்டிக்குள் வைத்திருந்த இந்தக் கல்வெட்டுத்தான். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இணையத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஏற்றி வருகிறது, அதில் நினைவு மலர்களும் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள்.

நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புலம்பல் பாட்டுகளில் ஆளைக் காண முடியாது. அச்சகத்தில் இருந்த பாட்டில் பெயரை மட்டும் மாற்றியதுபோல் சில இருக்கும். கூடப் படித்தவர் ஒருவர் ஒரு பக்கம் எழுதியிருப்பார், அங்கேதான் மனிதர் எழும்பி வருவார். எந்த வாங்கில் (பெஞ்சில்) இருந்தார், எந்த மாஸ்டருக்குப் பட்டப்பெயர் வைத்தார், பந்தடியில் எப்படி விழுந்தார் என்று.

இன்னொரு விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் உங்கள் கும்பகோணத்திலேயே வக்கீலாக இருந்தவர். அந்தச் செமினரி 1823இலிருந்து 1855 வரை நடந்தது. அங்கே அவர்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் எத்தனை பேர்! பெரும்பாலானோர் இன்று வெறும் பெயர். எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறாது.

நியூஜெர்சி வாசி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று கொஞ்சம் சொல்கிறேன், உதவலாம்.

யேல் பல்கலைக்கழகம் (நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் பெயரில் உள்ளதுதான்) 1860 வாக்கில் தொடங்கி 1952 வரை, இறந்த பட்டதாரிகளின் குறிப்புகளை ஆண்டுதோறும் அச்சிட்டது. பெற்றோர் யார், எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், யாரை மணந்தார், எதனால் இறந்தார் என்று ஒரே ஒழுங்கில் போகும். இப்போது வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அது பெரிய புதையல். ஆனால் சங்கானை ஐயா சொன்ன குறை அங்கேயும் உண்டு. ஒழுங்கு இருக்கிறது, ஆள் இல்லை.

பிரின்ஸ்டன் முறை வேறு. அவர்களுடைய முன்னாள் மாணவர் இதழில் இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் வகுப்பு வாரியாக வரும். ஒவ்வொரு வகுப்பும் தனக்குள் ஒருவரை அந்தப் பொறுப்புக்கு வைத்திருக்கும். ஒரு சின்னப் பத்திதான், ஆனால் எழுதுகிறவர் கூடப் படித்தவர். படிப்பை முடிக்காமல் போனவரையும் சேர்ந்த வகுப்போடு சேர்த்தே எண்ணுகிறார்கள். ஆகவே காவிரிக்கரை சார், உங்கள் கட்சிக்கு அங்கேயும் ஆள் இருக்கிறது.

எல்லா விவரத்தையும் எல்லோரும் எழுதுவது நடக்கிற காரியம் இல்லை. அணிக்கு ஒருவரோ இருவரோ இதை வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அவர்களோடு தொலைபேசியில் பேசினால் போதும்.

மெரினா தோழி

நான் சென்னை ராணி மேரிக் கல்லூரி. 1914இல் பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரி அது. எங்கள் அணியில் இதைச் செய்யத் தொடங்கியபோது உங்களுக்கு வராத ஒரு சிக்கல் வந்தது. எங்களில் இறந்தவர் யார் என்று கண்டுபிடிப்பதே பெரும் பாடு.

வருகைப் பதிவேட்டில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல், அல்லது பெயரோடு கணவர் பெயர். சிலருக்குப் புகுந்த வீட்டில் கூப்பிடும் பெயரே வேறு. விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் இறந்த அறிவிப்பை நான் பேப்பரில் பார்த்திருக்கிறேன். படம் இல்லை. ‘திருமதி’ போட்டு, கணவர் பெயரைச் சொல்லி, இன்னாரின் தாயார், இன்னாரின் பாட்டி என்று இருந்தது. அவள்தான் என்று தெரியாமலே பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். வெகுநாள் கழித்து அவள் தங்கையைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது. அவள் படித்தவள் என்பதே அந்த அறிவிப்பில் இல்லை. தாவரவியலில் அவள் வரைந்த படங்களை மேசை மேசையாக அனுப்பிக் காட்டுவார் எங்கள் மேடம். இலைக் காம்பின் குறுக்குவெட்டை ஒரே மூச்சில், அழிப்பான் தொடாமல் வரைவாள்.

அதனால் நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். பக்கத்தின் தலைப்பில் கல்லூரியில் இருந்த பெயர், அதே இனிஷியலோடு. அடியில் பிற்காலப் பெயர். இரண்டும் இல்லாமல் அச்சுக்குப் போகாது. ஆண்கள் கல்லூரிக்காரர்களும் ஒன்று செய்யலாம். நண்பரைப் பற்றி விசாரிக்கப் போகும்போது அவர் மனைவி எங்கே படித்தார் என்றும் கேளுங்கள். எங்கள் தோழி ஒருத்தி அந்த வீட்டில் இருக்கக்கூடும்.

மலைக்கோட்டை62

அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் அணியில் பெண்களும் படித்தார்கள். அவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எங்களுக்கும் சரியாகத் தெரியாது. நாளைக்கே விசாரிக்கத் தொடங்குகிறேன்.

பாதியில் போனவர்களைச் சேர்ப்பதில் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். கூடப் படித்தவர்களில் ஒருவராவது அவரைப் பற்றி ஒரு பக்கம் சொல்ல முடிந்தால் சேர்க்கலாம். அந்த எல்லை எனக்குச் சம்மதம்.

பெயர் வேண்டாம்

ஒரு கடினமான விஷயம் கேட்கிறேன். என் அறைத்தோழன் குடியால் போனான். கடைசி ஆண்டுகளில் வேலையும் இல்லை, கடனும் இருந்தது. மலருக்காக அவன் வீட்டுக்குப் போனபோது அவன் மகள், ‘அப்பாவைப் பற்றி எழுதவே வேண்டாம் அங்கிள்’ என்றாள். அவள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அவனைப் போல ஒரு நல்ல நண்பன் எனக்கு வாய்க்கவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன் பரீட்சைக்கட்டணத்தை எடுத்து என் கையில் வைத்தவன். என்ன செய்வது?

மெரினா தோழி

எங்களுக்கும் அப்படி நேர்ந்தது. குடும்பம் வேண்டாம் என்றால் அச்சில் போடாதீர்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் எழுதாமல் விடாதீர்கள். நீங்கள் அவனோடு இருந்த மூன்று ஆண்டை மட்டும் எழுதுங்கள், கடைசிக் காலத்தைத் தொட வேண்டியதே இல்லை. எழுதியதை மடித்து அந்த மகளிடம் கொடுங்கள். போடலாமா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். அவளுக்குத் தெரிந்த அப்பா ஒருவர், நீங்கள் அறிந்த பையன் ஒருவன். இரண்டாவது ஆளை அவள் பார்த்ததே இல்லை.

கணக்கு வாத்தியார்

இறப்பின் காரணம் எங்கும் தேவையில்லை என்பது என் கருத்து. அதே சமயம் பொய்யும் எழுத வேண்டாம். தற்கொலை செய்துகொண்டவரைப் பற்றி ‘குறுகிய கால உடல்நலக் குறைவு’ என்று போட்டால், விஷயம் தெரிந்த எல்லோருக்கும் மலரின் மற்ற பக்கங்கள்மேலும் சந்தேகம் வந்துவிடும். இந்த ஆண்டு இந்த நாள் மறைந்தார், அவ்வளவு போதும்.

கடனையும் வறுமையையும் பற்றிக் கேட்டீர்கள். உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் 1880இலிருந்து 1903 வரை தமிழாசிரியர். தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை அவர் எழுதி வெளியிட்டது 1933-34இல். பிள்ளை இறந்ததோ 1876இல். அத்தனை ஆண்டு கழித்தும் ஆசிரியர் பணமுடையில் பட்ட பாட்டை அவர் ஒளிக்கவில்லை. படிக்கிறவருக்குப் பிள்ளைமேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது. எழுதுகிறவரின் அன்பில் சந்தேகம் இல்லாவிட்டால் எதையும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் கையெட்டும் தூரத்தில் பிள்ளைகள் இருக்கும்போது அவர்கள் சம்மதம்தான் முதலில்.

பெயர் வேண்டாம்

நன்றி. இன்று இரவே எழுத உட்காருகிறேன்.

காவிரிக்கரை

பாதியில் போன எங்கள் தோழனைப் பற்றி ஒரு வரைவு. அவன் தம்பியிடம் படித்துக் காட்டினேன், இங்கே போடச் சம்மதித்தார். பெயர் மலரில் மட்டும் வரும். குறை இருந்தால் சொல்லுங்கள்.

‘அப்பாவுக்குப் பித்தளைப் பாத்திரப் பட்டறை. காலையில் அங்கே வேலை செய்துவிட்டு வருவான், விரலில் புளி வாசனை போயிருக்காது. இரண்டாம் ஆண்டு, சுழற்சித் திண்மத்தின் கனஅளவு பாடம் நடந்தது. சார், குடத்துக்கு இது வருமா என்று எழுந்து கேட்டான். குடத்தின் வளைவுக்குச் சமன்பாடு எங்கே இருக்கிறது என்று சார் திருப்பிக் கேட்டார். மறுநாள் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அடியிலிருந்து கழுத்து வரை சம உயரங்களில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நூலைச் சுற்றி அளந்தான். சுற்றளவிலிருந்து குறுக்குவெட்டுப் பரப்பு, பரப்புகளை வைத்து சிம்ப்ஸன் விதிப்படி கனஅளவு. கரும்பலகையில் விடை வந்தபின் லிட்டர் படியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கொஞ்சம்தான் வித்தியாசம். தகட்டின் கனத்தைக் கழிக்கவில்லை சார், அதுதான் என்று சொன்னான். சார் சாக்பீஸை அவன் கையில் கொடுத்து, மீதியை நீயே போடு என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் அப்பா படுத்துவிட்டார். பட்டறையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டான். அதன்பிறகும் காவிரிப் பாலத்தில் எங்களைக் கண்டால், இன்றைக்கு என்ன நடத்தினார் என்று கேட்காமல் விட்டதில்லை.’

நியூஜெர்சி வாசி

ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, பட்டறை இருந்த தெருப் பெயர் மூன்றையும் அடியில் சேர்த்துவிடுங்கள். பின்னால் யாராவது தேடினால் பிடி கிடைக்கும்.

சங்கானை மகன்

அருமை ஐயா. அச்சடித்த பிறகு வீடுகளுக்குக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கல்லூரி நூலகத்துக்கு ஒன்று, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று, கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று அனுப்பிவிடுங்கள். பிடிஎஃப் ஒன்றை ஆர்க்கைவ் (archive.org) இணையதளத்தில் ஏற்றுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. பேசி முடிவு செய்தது இது. ஒவ்வொரு மறைந்த தோழருக்கும் அவரோடு ஒரே அறையிலோ ஒரே பெஞ்சிலோ இருந்த ஒருவர் பொறுப்பு. எழுத வராதவர்கள் தொலைபேசியில் சொன்னால் நானும் இன்னொரு நண்பரும் எழுதிக்கொள்வோம், அச்சுக்கு முன் வீட்டாரிடம் படித்துக் காட்டுவோம். பதவி விவரம் அடியில் ஒரு கட்டத்தில். படிப்பை விட்டவர்களுக்கும் அதே அளவு பக்கம்.

எங்கள் ஆய்வக உதவியாளர் ஒருவரும் விடுதிச் சமையல்காரரும் இப்போது இல்லை. அவர்களுக்கும் பக்கம் வேண்டும் என்று குழுவில் பலர் கேட்கிறார்கள். இந்த முறை யாரும் எதிர்க்கவில்லை. சமையல்காரரின் படம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. 1981, 82 விடுதி நாள் குழுப்படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இயற்பியல், வேதியியல்காரர்களிடமும் இருக்கலாம்.

வேதியியல்81

சார், நான் உங்களுக்கு ஒரு ஆண்டு ஜூனியர். 82 விடுதி நாள் படம் என்னிடம் இருக்கிறது, ஓரம் செல்லரித்திருக்கிறது. சமையல்காரர் வலதுபுறக் கடைசியில் நிற்கிறார், முகம் தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். அவர் மகன் ஊரிலேயே இருக்கிறார், பெயரை அவரிடம் கேட்டு முழுசாக எழுதித் தருகிறேன். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணே’ என்று மட்டும்தான் கூப்பிட்டோம்.